குளிசையின் சட்டை

(நூற்றாண்டு விழாவின் இரண்டாம் நாள் கருத்தமர்வில், உயர்தர விஞ்ஞானப் பிரிவில் ஒரே வகுப்பில் கற்ற பழைய மாணவிகள் இருவர் இணைந்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மருந்தியலின் நூறாண்டு வளர்ச்சியைப் பற்றிப் பேசும்படிதான் விழாக்குழு முதலில் எங்களைக் கேட்டது. அரை மணித்தியாலத்தில் நூறாண்டைச் சொல்லி முடிக்க எங்களால் ஏலாது. ஆகவே, பெரும்பாலும் தலைமுடியின் தடிப்புக்கூட இல்லாத ஒரு பொருளைப் பற்றிப் பேச அனுமதி வாங்கிக்கொண்டோம். குளிசைக்கு மேலே போர்த்தப்பட்டிருக்கும் மெல்லிய படலமே அந்தப் பொருள்.

எங்களில் ஒருவர் இங்கே ஒரு வைத்தியசாலையில் மருந்தாளராக இருக்கிறார். மற்றவர் வெளிநாட்டில், குளிசைகளுக்கு மேற்பூச்சு இடும் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறார். ஒருவர் அந்தப் படலத்தை உண்டாக்கப் பாடுபடுகிறார். மற்றவர் அதை வீட்டில் உரலில் போட்டு இடிக்க வேண்டாம் என்று சொல்லிச் சொல்லிப் பாடுபடுகிறார். நாங்கள் தொலைபேசியில் பிள்ளைகளைப் பற்றிப் பேசத் தொடங்கினாலும் கதை கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்.

முதலில் ஒரு சிறு விளக்கம். குளிசைக்குச் சட்டை போடும் வழக்கம் பழையது. எங்கள் பாட்டிமார் காலத்தில் அது சீனிப்பூச்சு. செப்புக் கலனில் குளிசைகளை உருட்டி உருட்டிச் சீனிப்பாகை ஊற்றுவார்கள். ஒரு தொகுதி முடியப் பல நாள் செல்லும். முடிவில் குளிசையின் நிறையில் பாதி, சிலவேளை குளிசையின் நிறையே அளவுக்குச் சீனி ஏறியிருக்கும். 1950களில் பல்பகுதியப் படலம் வந்தது. பல்பகுதியம் என்றால் பொலிமர். உயர்தரத்தில் படித்தது நினைவிருக்கும். இந்தச் சட்டைக்கு நிறையில் 2 முதல் 4 சதவீதம் போதும்.

எல்லாச் சட்டையும் ஒரே வேலைக்கு அல்ல. சில படலங்கள் கசப்பை மறைக்கவும், நிறம் கொடுக்கவும், ஈரத்தைத் தடுக்கவும் மட்டுமே இருப்பவை. வாய்க்குள் போனதும் அவை கரையத் தொடங்கிவிடும். சில படலங்கள் இரைப்பையின் அமிலத்தில் கரையாமல் நின்று, சிறுகுடலுக்குப் போன பிறகே கரைபவை. இன்னும் சில கரைவதே இல்லை. மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல மணித்தியாலத்துக்குக் கசிய விடுகின்றன. பின்னைய இரண்டு வகைகளைப் பற்றியே இன்று பேச வந்தோம். அவற்றிலே பிழை நேர்ந்தால் நோயாளிக்கு நிறம் மட்டுமா போகும்? மருந்தே போய்விடும், அல்லது ஒரு நாளைக்குரிய மருந்து ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும்.

இந்தப் பல்பகுதியங்களை ஆரம்பத்தில் அசற்றோன், மெதிலீன் குளோரைட்டு, அற்ககோல் போன்ற கரைப்பான்களில் கரைத்துத் தெளித்தார்கள். கரைப்பான் ஆவியாகப் படலம் எஞ்சும். வேலை சுலபம். ஆனால் அசற்றோனும் அற்ககோலும் தீப்பிடிக்கும். மெதிலீன் குளோரைட்டின் ஆவி தொழிலாளியின் சுவாசத்துக்குக் கூடாது. எல்லாம் சேர்ந்து காற்றையும் கெடுக்கும். 1970கள் தொடக்கம் எல்லோரும் தண்ணீருக்கு மாற முயன்றார்கள். இங்கேதான் ஒரு முரண்பாடு. இரைப்பை நீரில் கரையக்கூடாது என்பதற்காகவே தேர்ந்தெடுத்த பொருளைத் தண்ணீரில் எப்படிக் கரைப்பது?

கரைக்கவில்லை. மிக நுண்ணிய துணிக்கைகளாக்கித் தண்ணீரில் மிதக்க விட்டார்கள். பார்ப்பதற்குப் பால்தான். களுத்துறை, கேகாலைப் பக்கத்துப் பிள்ளைகள் எங்கள் விடுதியில் இருந்தார்கள். அவர்களுக்கு இது புதினமில்லை. இறப்பர் மரத்தைக் கீறினால் வடியும் பாலும் இதே அமைப்புத்தான், தண்ணீருக்குள் மிதக்கும் பல்பகுதியத் துணிக்கைகள். (1876 இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து ஹேனரத்கொடவுக்கு வந்த கன்றுகளோடு இந்தப் பால் எங்கள் நாட்டுக்குள் வந்தது என்பதை ஒரு பக்கக் குறிப்பாகச் சொல்லி வைக்கிறோம்.) ஜேர்மனியின் டாம்ஸ்ராற் நகரில் உருவான யூட்ராஜிற் வகைகளில் சிலவும், எதைல் செலுலோஸிலிருந்து செய்யப்படும் அக்குவாகோற் போன்றவையும் இப்படிப்பட்ட பால்களே. அவற்றின் துணிக்கை விட்டம் பெரும்பாலும் 0.1 முதல் 0.3 மைக்ரோமீற்றர் வரை. ஒரு மில்லிமீற்றருக்குள் இவற்றை வரிசையாக அடுக்கினால் ஐயாயிரம் அளவில் நிற்கும்.

துணிக்கையாக்குவதில் உடனே கிடைக்கும் ஓர் இலாபம் உண்டு. அதே பல்பகுதியத்தைக் கரைப்பானில் 10 சதவீதம் கரைத்தாலே பாணி போலத் தடித்து, தெளிக்கும் துவாரத்துக்குள்ளால் போக மறுக்கும். துணிக்கைகளாகத் தண்ணீரில் மிதக்கும்போதோ 30 சதவீதம் இருந்தாலும் பசுப்பால் போல ஓடும். சங்கிலிகள் எல்லாம் தத்தம் உருண்டைக்குள் சுருண்டு கிடப்பதால் ஒன்றோடொன்று சிக்குவதில்லை.

ஆனால் சிக்காத சங்கிலிகளால் படலம் உண்டாகாது. குளிசையின் மேல் தெளித்த பிறகு அவை சிக்கவேண்டும். அது எப்படி நடக்கிறது என்பதில்தான் துணிக்கையின் பருமன் வருகிறது.

பனாட்டுப் போடுவதைப் பார்த்தவர்கள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர் இருப்பீர்கள். பனங்களியைப் பாயில் மெல்லியதாகப் பரப்பி, அது காய்ந்ததும் அதன்மேல் இன்னொரு பரவல், அது காய்ந்ததும் இன்னொன்று. குளிசைப் பூச்சும் இப்படித்தான் படை படையாக ஏறுகிறது. ஒரு தெளிப்பு விழுந்ததும் தண்ணீர் ஆவியாகத் தொடங்கும். துணிக்கைகள் நெருங்கி, பெட்டியில் அடுக்கிய தோடம்பழங்கள் போல ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். இடைவெளிகளில் கொஞ்சத் தண்ணீர் இன்னும் இருக்கும். அந்த இடைவெளிகள் மயிர்த்துளைகள். அங்கே தண்ணீரின் மேற்பரப்பு வளைந்து துணிக்கைகளை உள்ளே இழுக்கிறது. பரப்பிழுவையை ஆரையால் வகுத்து இரண்டால் பெருக்கும் கணக்கை உயர்தரத்தில் எல்லோரும் செய்திருக்கிறோம். தண்ணீரின் பரப்பிழுவை மீற்றருக்கு 0.072 நியூட்டன் என்று கொள்ளுங்கள். 0.2 மைக்ரோமீற்றர் விட்டமுள்ள துணிக்கையின் ஆரையைப் போட்டால் வருவது ஏறத்தாழ 14 வளிமண்டல அமுக்கம். 5 மைக்ரோமீற்றர் துணிக்கைக்கு அதே கணக்கைப் போட்டால் 0.6 தான்.

துல்லியமான கணக்கு இதைவிடச் சிக்கலானது. பாலில் சேர்த்திருக்கும் சவர்க்காரம் போன்ற பொருட்கள் பரப்பிழுவையைக் குறைத்தும் விடும். ஆனாலும் போக்கு மாறாது. சிறிய துணிக்கை பெரிய அமுக்கத்தால் நசுக்கப்படுகிறது. உருண்டை வடிவம் போய்த் தேன்கூட்டு அறை போல முகத்தோடு முகம் ஒட்டி நிற்கிறது. அதன்பின் எல்லையைத் தாண்டிச் சங்கிலிகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து பிணையும். 1951 இல் டில்லனும் அவருடன் வேலை செய்தவர்களும், 1956 இல் பிறவுணும் இந்த விசைகளைப் பற்றி எழுதியபோது அவர்கள் நினைத்தது செயற்கை இறப்பரையும் சுவர்ப்பூச்சையும். மருந்துக்காரர் பின்னாலே வந்து இந்த அறிவை அப்படியே எடுத்துக்கொண்டோம். எங்கள் துறையில் இரவல் வாங்கியது அதிகம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

துணிக்கை பெரிதாக இருந்தால் என்ன நடக்கும்? இதற்குக் கற்பனை தேவையில்லை, கடையில் விற்கும் ஒரு பொருளே சாட்சி. ஐதரொட்சிபுரொப்பைல் மெதைல்செலுலோஸ் அசற்றேற்று சக்சினேற்று என்று நீண்ட பெயருள்ள ஒரு பல்பகுதியம் உண்டு. குடலில் கரையும் படலத்துக்குரியது, யப்பானில் செய்யப்படுகிறது. ஒரே பொருளை இரண்டு பருமனில் விற்கிறார்கள். ஒன்று ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அளவுக் குறுணி. மற்றது சராசரி 5 மைக்ரோமீற்றர் மா. குறுணி, கரைப்பானில் கரைத்துத் தெளிப்பதற்கு. கரைந்த பிறகு அது எந்தப் பருமனில் இருந்தது என்பதைக் கரைசல் நினைவில் வைத்திருப்பதில்லை. மா, தண்ணீரில் கலக்கித் தொங்கலாகத் தெளிப்பதற்கு. குறுணியைத் தண்ணீரில் கலக்கித் தெளிக்க முயன்றால் முதலில் துவாரம் அடைபடும். தப்பித்தவறிக் குளிசையில் விழுந்தாலும் அது சுவரில் ஒட்டிய மணல்போல நிற்குமே தவிரப் படலமாகாது.

அந்த 5 மைக்ரோமீற்றர் மாவுக்கும் மயிர்த்துளை விசை போதாது என்பதைக் கணக்கில் பார்த்தோம். அதனால் திரைஎதைல் சித்திரேற்று போன்ற இளக்கியை நிறையச் சேர்த்து மாவை மென்மையாக்க வேண்டியிருக்கிறது. மென்மையான மா குளிசையில் மட்டுமா ஒட்டும்? தெளிக்கும் குழாயிலும் ஒட்டும். ஆகவே அந்தத் தொங்கலைக் குளிராக வைத்திருந்தே தெளிக்கிறார்கள். கலன் சூடு, கலவை குளிர்! எங்களில் ஒருவர் முதன்முதலில் இதைப் பார்த்தபோது, நல்லூர்த் திருவிழாவில் ஐஸ்கிறீம் வான்காரர் படும் பாடுதான் நினைவுக்கு வந்தது.

அப்படியானால் துணிக்கை எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது என்று முடிவு கட்டிவிடலாமா? ஆய்வுகூடத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். பளிங்குக்கல் துண்டையும் தூளையும் ஐதரோகுளோரிக்கமிலத்தில் போட்டு, எது விரைவாக நுரைக்கிறது என்று பார்த்த செய்முறை நினைவிருக்கிறதா? பரப்பு கூடினால் தாக்கம் கூடும். இங்கேயும் பரப்புத்தான் கதை. ஒரு கன சென்ரிமீற்றர் பல்பகுதியத்தை 5 மைக்ரோமீற்றர் உருண்டைகளாக்கினால் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 1.2 சதுர மீற்றர். 0.2 மைக்ரோமீற்றர் உருண்டைகளாக்கினால் 30 சதுர மீற்றர், ஒரு சிறு வகுப்பறையின் தரை அளவு. அவ்வளவு பரப்பும் ஒன்றோடொன்று ஒட்டித் திரையாமல் இருக்க, சோடியம் லோரைல் சல்பேற்று போன்ற பொருளைக் கூடுதலாகப் பூச வேண்டும். படலம் உண்டான பிறகு அது எங்கே போகும்? படலத்துக்குள்ளேயேதான். தண்ணீரை விரும்பும் பொருள் ஆகையால் பிறகு வயிற்றுக்குள் அது தண்ணீரை அழைக்கும். கரைந்து வெளியேறிய இடத்தில் நுண்துளை விடும். ஆகவே எந்தப் பல்பகுதியத்துக்கும் ஒரு நடுப்பட்ட பருமனில்தான் உடன்பாடு காணவேண்டியிருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து வந்திருப்பவர்கள் அடுத்த விடயத்தைச் சற்றுக் கவனமாகக் கேளுங்கள். தெளிப்பு முடிந்ததும் படலம் முடிந்துவிடவில்லை. துணிக்கைகள் முட்டி நிற்கும், ஆனால் எல்லாச் சங்கிலிகளும் பிணைந்திருக்காது. எதைல் செலுலோஸ் பூச்சைச் செய்பவர்கள் அதை 60 பாகை செல்சியஸ் அளவில் வைத்துப் பதப்படுத்துவது இதற்காகத்தான். பதப்படுத்தல் அரைகுறையாக விடப்பட்டால் என்ன ஆகும்? குளிசை தொழிற்சாலையை விட்டு வரும்போது படலத்தில் பொருந்தாத விளிம்புகள் இருக்கும். மருந்து வேகமாகக் கசியும். பிறகு அலுமாரியில் இருக்க இருக்க, வெப்பத்தில் துணிக்கைகள் மெல்ல மெல்லப் பிணையும். ஆறு மாதத்துக்குப் பின் அதே குளிசை மெதுவாகக் கசியும். பெட்டியில் பெயரும் திகதியும் மாறவில்லை, உள்ளே படலம் மாறிவிட்டது. நல்ல உற்பத்தியாளர் இதைத் தெரிந்தே முன்கூட்டிப் பதப்படுத்துகிறார். வெப்பமும் ஈரமும் கூடிய நாடுகளுக்குரிய பரிசோதனையை 30 பாகையிலும் 75 சதவீத ஈரப்பதனிலும் நீண்ட காலம் வைத்துப் பார்க்கிறார். ஆனால் அந்தப் பரிசோதனை, குசினி அடுப்புக்கு மேலேயுள்ள தட்டில் வைத்துச் செய்யப்படுவதில்லை. லண்டன் குளிருக்கென்று வாங்கிய மருந்தைப் பயணப்பெட்டியில் கொண்டுவந்து அம்மாவின் யன்னலோரம் வெயில்படும் இடத்தில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் பலர். அந்த யன்னலை மாற்றுங்கள்.

படலத்துக்குள் பல்பகுதியம் மட்டும் இல்லை. ஒட்டாமலிருக்க டல்க், வெண்மைக்குத் தைத்தானியம் ஈரொட்சைட்டு, வேறு நிறங்கள் என்று கரையாத துணிக்கைகளும் இருக்கின்றன. டல்க் துணிக்கை 10 மைக்ரோமீற்றர் என்றால், 0.2 மைக்ரோமீற்றர் பல்பகுதியத் துணிக்கையிலும் விட்டத்தில் 50 மடங்கு. தண்ணீரில் அடையும் வேகம் விட்டத்தின் வர்க்கத்தோடு கூடும். அதாவது பருமனால் மட்டும் 2500 மடங்கு. டல்க்கின் அடர்த்தியையும் சேர்த்தால் இன்னும் அதிகம். கலக்கும் துடுப்பு ஐந்து நிமிடம் நின்றுவிட்டால் டல்க் அடியில் அடைந்துவிடும். பிறகு தெளிக்கும் சட்டையில் ஒரு படையில் டல்க் குறைவு, இன்னொரு படையில் டல்க்கே அதிகம். 30 மைக்ரோமீற்றர் படலத்துக்குள் 20 மைக்ரோமீற்றர் கல் ஒன்று கிடந்தால், அந்த இடத்தில் படலத்தின் உண்மையான தடிப்பு மிச்சம் 10 தான். பனாட்டுக்குள் தும்பு கிடந்த இடத்தில் அது கிழிவதைப் பார்த்திருப்பீர்கள்.

தைத்தானியம் ஈரொட்சைட்டோ இதற்கு எதிர்மாறு. ஒளியை நன்கு சிதறடித்து வெள்ளையாகத் தெரிய 0.2 முதல் 0.3 மைக்ரோமீற்றர் பருமன் உகந்தது. ஆனால் அதற்குள் 0.1 இலும் சிறிய துணிக்கைகளும் கலந்திருக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2021 இல், அதை உணவில் சேர்ப்பது பாதுகாப்பானது என்று இனிமேல் சொல்ல முடியாது என்று அறிவித்தது. 2022 இல் ஐரோப்பிய ஒன்றியம் உணவில் தடை செய்தது. மருந்துகளில் அங்கே அனுமதி தொடர்கிறது, ஏனென்றால் இதைப்போல் ஒளியை மறைக்கும் வேறொரு பொருளை எல்லா மருந்துக்கும் கண்டுபிடிப்பது சுலபமில்லை. ஒரு நாள் உங்கள் வெள்ளைக் குளிசை சற்று மங்கலாக வந்தால் பயப்படவேண்டாம்.

இனி, சட்டைக்குள் இருக்கும் உடம்பு. படலம் போடப்படும் பொருளின் பருமனும் அவ்வளவு முக்கியம். 1952 இல் அமெரிக்காவில் ஸ்பான்சியூல் என்ற பெயரில் ஒரு கப்சியூல் வந்தது. உள்ளே நூற்றுக்கணக்கான சிறு மணிகள். சிலவற்றுக்கு மெல்லிய பூச்சு, சிலவற்றுக்குத் தடித்த பூச்சு. ஒன்று கரைந்து முடிய மற்றது தொடங்கும். இன்று ஒமிப்பிரசோல் கப்சியூலைப் பிரித்தால் நீங்கள் காணும் மணிகள் அதே வம்சம்தான். இப்படிப்பட்ட மணிகளுக்குப் பூச்சிட, விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் டேல் வேர்ஸ்ரர் என்பவர் 1950களில் ஒரு கலனை அமைத்தார். கீழிருந்து சூடான காற்று மணிகளை நடுவே மேலே தூக்கும், கீழிருந்தே பூச்சுத் தெளிக்கப்படும், மணிகள் ஓரத்தால் கீழே விழுந்து திரும்பவும் மேலே போகும். கச்சான் வறுக்கும் தாச்சியை யாரோ தலைகீழாக யோசித்ததுபோல இருக்கும்.

ஒரு மில்லிமீற்றர் மணிகளுக்கு நிறையில் 15 சதவீதம் பூச்சு ஏற்றினால் (மணிக்கும் பூச்சுக்கும் ஒரே அடர்த்தி என்று வைத்துக்கொண்டால்) படலத்தின் தடிப்பு ஏறத்தாழ 24 மைக்ரோமீற்றர். அரை மில்லிமீற்றர் மணிகளுக்கு அதே 15 சதவீதம் ஏற்றினால் 12 தான். நிறை ஒன்று, பூச்சு ஒன்று, மருந்து ஒன்று. ஆனால் பாதிச் சட்டை. கொள்வனவுப் பிரிவு மலிவாகக் கிடைத்தது என்று சற்றுச் சிறிய மணிகளை வாங்கித் தந்தால், பூச்சுக்காரர் பழைய சதவீதத்தையே தெளித்தால், குடலுக்குப் போகவேண்டிய மருந்து இரைப்பையிலேயே வெளிவரும். ஒரே தொகுதிக்குள் சிறிதும் பெரிதும் கலந்திருந்தால் இன்னும் தொல்லை: கனமான பெரிய மணி உயரப் போகாமல் விரைவில் விழுந்து, தெளிப்பின் முன்னால் அடிக்கடி வரும், அதற்குத் தடித்த சட்டை, சிறியது மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும், அதற்கு மெல்லிய சட்டை. எங்கள் ஆய்வுகூடத்தில் விலைகூடிய கருவிகள் பல உண்டு. ஆனால் ஒரு நாளில் எங்களை அதிகம் காப்பாற்றுவது அரிதட்டுத்தான்.

இந்தச் சட்டை சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வருகிறோம். குடலில் கரையவேண்டிய மருந்தை 0.1 மோலர் ஐதரோகுளோரிக்கமிலத்தில் 2 மணித்தியாலம் வைப்பார்கள். அந்த நேரத்தில் வெளிவருவது 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பிறகு pஎச் 6.8 உள்ள கரைசலுக்கு மாற்றுவார்கள். அங்கே விரைவாகக் கரைய வேண்டும். நாங்கள் சொன்ன அத்தனை துணிக்கைகளும், அத்தனை கணக்கும் இந்த இரண்டு மணித்தியாலத்துக்காகத்தான்.

வீட்டிலே என்ன நடக்கிறது? எங்களில் ஒருவர் அறிந்த ஒரு தாயார். பக்கவாதத்துக்குப் பின் விழுங்கக் கஷ்டம். பிள்ளைகள் மூவரும் மூன்று நாட்டில். மருந்துகள் ஒழுங்காக வருகின்றன, பராமரிக்கும் பெண்ணும் அன்பானவர். வயிற்றெரிவுக்கு ஒமிப்பிரசோல். கப்சியூலைப் பிரித்து, உள்ளிருக்கும் மணிகள் தொண்டையில் சிக்கும் என்று பயந்து, வெற்றிலை இடிக்கும் சிறு உரலில் போட்டு நன்றாக மாவாக்கி, கஞ்சியில் கரைத்துக் கொடுத்து வந்தார். வாரக்கணக்கில் எரிவு குறையவில்லை. மருந்தளவு இரட்டிப்பாக்கப்பட்டது, அதுவும் உரலுக்கே போனது. ஒமிப்பிரசோல் அமிலத்தில் சிதைந்துபோகும் மருந்து. சட்டை இல்லாமல் இரைப்பைக்குள் போனால் பெரும்பகுதி அங்கேயே அழிந்துவிடும். அந்தப் பெண் செய்தது அன்பினால். அவருக்கு யாரும் சொல்லவில்லை. மூன்று நாட்டிலிருந்தும் பணம் அனுப்பிய பிள்ளைகளுக்கும் யாரும் சொல்லவில்லை. மருந்துப் பொதியில் எழுத்து இருந்தது, ஆங்கிலத்தில், அரிசிமணியிலும் சிறிய எழுத்தில்.

எரிவு நீடித்ததோடு அது நின்றது. வலிப்புக்குக் கொடுக்கும் சோடியம் வல்புரோயேற்றின் நீண்டநேர வகையையோ, குருதியமுக்கத்துக்குக் கொடுக்கும் நிபெடிப்பினின் மெதுவாகக் கசியும் வகையையோ இப்படி இடித்தால் நிற்காது. பல மணித்தியாலத்துக்குப் பங்கிட்டு வைத்த மருந்து ஒரேயடியாக இறங்கும். முதியவர் மயங்கி விழலாம்.

மருந்துப் பெட்டியில் பெயருக்குப் பின்னால் ஈ.சீ., எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., எக்ஸ்.எல்., எம்.ஆர்., சீ.ஆர். என்றோ, றிற்றாட் என்றோ எழுதியிருந்தால், இடிக்கவோ மெல்லவோ முன்னர் மருந்தாளரைக் கேளுங்கள். எழுத்து இல்லாவிட்டாலும் கேளுங்கள். ஒமிப்பிரசோல் பெட்டியில் பலவேளை அந்த எழுத்து இராது. நடுவிலே கோடு இருக்கிறது, ஆகவே பாதியாக்கலாம் என்று நீங்களாக முடிவு செய்யவேண்டாம்; சில வகைகளைப் பாதியாக்கலாம், இடிக்கக் கூடாது. விழுங்க முடியாதவருக்குப் பல மருந்துகள் திரவமாகவோ கரையும் குளிசையாகவோ கிடைக்கின்றன. வைத்தியரிடம் "அம்மாவால் விழுங்க ஏலாது" என்று ஒரு வசனம் சொன்னால் போதும். அந்த ஒரு வசனத்தைச் சொல்லாமல் வெட்கப்படுகிற குடும்பங்களை நாங்கள் ஒவ்வொரு வாரமும் காண்கிறோம்.

இன்னொன்று. பேராசிரியர் சேனக பிபிலேயின் வழிகாட்டலில் 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தொடங்கிய காலம் முதல், வர்த்தகப் பெயரைப் பாராமல் மருந்தின் பெயரைப் பாருங்கள் என்று இந்த நாட்டிலே படித்தோம். அந்தக் கொள்கையில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஏழை நோயாளிக்கு அதுவே காப்பு. ஆனால் மருந்தின் பெயர் உடம்பைச் சொல்லும், சட்டையைச் சொல்லாது. நீண்டநேரம் கசியும் வகையை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது, அதுவும் வலிப்பு மருந்தில், வைத்தியருக்குத் தெரிந்தே மாற்றவேண்டும்.

உரை முடிந்ததும் சபையிலிருந்து வந்த ஒரு கேள்வியையும் மலர்க்குழு இதில் சேர்க்கச் சொன்னது. எங்களுக்கு மூன்று வகுப்பு மேலே படித்த அக்கா ஒருவர் கேட்டார்: "சரி பிள்ளையள், இடிக்கேல்லை. கப்சியூலைப் பிரிச்சு அந்த மணியளை அப்படியே கஞ்சியிலை போட்டுக் குடுக்கலாமோ?"

நல்ல கேள்வி. உள்ளே மணிகள் உள்ள ஒமிப்பிரசோல் கப்சியூலைப் பிரித்துக் கொடுக்கலாம். உங்களிடம் இருக்கும் வகைக்கு அது பொருந்துமா என்று மருந்தாளரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கஞ்சியில் வேண்டாம், பாலிலும் வேண்டாம். அந்த மணிகளின் சட்டை pஎச் 5.5 அளவுக்கு மேலே கரையத் தொடங்கும் வகை. பாலின் pஎச் 6.7 அளவு, கஞ்சியும் அமிலமில்லை. சூடான கஞ்சி இன்னும் மோசம். கிண்ணத்திலேயே சட்டை கழன்றுவிடும். தயிர் புளிப்பு, அதிலே சட்டை நிற்கும். ஒரு கரண்டி தயிரில் மணிகளைத் தூவி, மெல்லாமல் உடனே விழுங்கக் கொடுங்கள். விழுங்கச் சிரமப்படுபவருக்குத் தயிரின் பதமும் உகந்ததா என்று அவரைப் பார்க்கும் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பின்னர் இரண்டு மிடறு தண்ணீர் கொடுத்து, பொய்ப்பல் போட்டிருப்பவரானால் அதைக் கழற்றிக் கழுவிப் பாருங்கள். மணிகள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.